தீ கடக்கும் வழி: தெரஸ் வீட்டு முற்றத்துக்கான பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

கோலாலம்பூரிலும் அதை ஒட்டிய புறநகர்களிலும் நம்மவர்களில் ஏராளமானோர் வாழ்வது வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில்தான். இரண்டு வீடுகளுக்கு நடுவே எழும் பொதுச்சுவர் எல்லையைக் காட்டுவதற்காக மட்டும் நிற்கவில்லை. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருப்பதற்காகவும் அது கனமாகக் கட்டப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள், இத்தகைய சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமுள்ள கற்கட்டாகவோ கான்கிரீட்டாகவோ இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நாம் செய்யும் முதல் வேலைகளைப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் எல்லை வரை ஆவ்னிங் எனும் தகட்டுக் கூரை போடுகிறோம். சிமெண்டுத் தரையில் செயற்கைப் புல் விரிக்கிறோம். வெயிலை மறைக்க மூங்கில் திரை தொங்கவிடுகிறோம். பக்கத்து வீட்டாரும் இதையே செய்வதால் இரு வீட்டு ஆவ்னிங் விளிம்புகளும் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. உள்ளே சுவர் தடுத்து நிறுத்தும் தீக்கு, வெளியே முற்றத்தில் நாமே வழி திறந்துவிடுகிறோம். ஆகவே முற்றத்துக்கு ஒரு பொருளை வாங்கும்போது அது எரியுமா என்று கேட்டால் மட்டும் போதாது. தீயை அது அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகுமா என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு விடை காண, பொருள்கள் எப்படிப் பற்றுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மரமோ பிளாஸ்டிக்கோ திடப்பொருளாக இருந்தபடியே சுடர்விட்டு எரிவதில்லை. வெப்பம் ஏற ஏற அவற்றின் மூலக்கூறுகள் சிதைந்து, எரியக்கூடிய ஆவிகள் வெளியேறுகின்றன. அந்த ஆவிகள் காற்றுடன் கலந்து எரிவதைத்தான் நாம் சுடராகப் பார்க்கிறோம். மரம் 200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போதே சிதையத் தொடங்குகிறது. அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 350 டிகிரியை எட்டிவிட்டால், அருகில் ஒரு சிறு சுடரோ பொறியோ இருந்தாலே ஆவி பற்றிக்கொள்ளும். செங்கல், சுட்ட ஓடு, கான்கிரீட், பீங்கான் தரைக்கல் ஆகியவற்றிடம் வெளியிடுவதற்கு இத்தகைய ஆவி இல்லை. சூளையில் 1,000 டிகிரி அளவிலான வெப்பத்தைப் பார்த்துவிட்டு வந்த ஓட்டிலும் செங்கல்லிலும் எரிவதற்கு மிச்சம் எதுவும் கிடையாது.

இந்த நகரமே இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் ஆன அன்றைய கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டு ஜனவரியில் தீக்கு இரையானது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்து மிஞ்சியதை அழித்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு எழுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தத் தேவைக்காகச் செங்கற்சூளைகள் பெருகிய நிலப்பகுதிதான் இன்று நாம் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் தீபாவளித் துணிமணிக்கும் செல்லும் பிரிக்ஃபீல்ட்ஸ்.

சுடர் நேரடியாகத் தொட்டால்தான் ஒரு பொருள் பற்றும் என்று நினைப்பது ஆபத்தான எண்ணம். எரியும் பொருளிலிருந்து வெப்பம் கதிர்வீச்சாக நாற்புறமும் பாய்கிறது. கெல்வின் அளவில், அதாவது செல்சியசுடன் 273ஐக் கூட்டிய கணக்கில், வெப்பநிலை இரு மடங்கானால் அந்தக் கதிர்வீச்சு பதினாறு மடங்காகிறது. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1 கிலோவாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. அதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான வெப்பம், அதாவது சதுர மீட்டருக்கு 12.5 கிலோவாட், தொடர்ந்து விழுந்தால் மரம் பொறி பட்டவுடன் பற்றும் நிலைக்கு வந்துவிடும் என்று தீயியல் நூல்கள் சொல்கின்றன. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் மறுநாள் காலையில், சுபாங் ஜெயாவை அடுத்த புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த பெருந்தீயை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சுடர் எட்டாத தூரத்தில் இருந்த வீடுகளிலும் கார்களிலும் பிளாஸ்டிக் பாகங்கள் உருகி வழிந்தன. அது மிக அரிய பேரிடர்; ஆயினும் அங்கே வேலை செய்த அதே கதிர்வீச்சுதான், உங்கள் முற்றத்தில் எரியும் ஒரு காரிலிருந்து மேலே உள்ள ஆவ்னிங்கையும் பக்கத்து வீட்டுத் திரையையும் சூடேற்றுகிறது.

பொருளின் பெயரைவிட அதன் கனமும் வடிவமும்தான் பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரே மரத்தைச் சிராயாகச் சீவினால் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். அதன் தூணைப் பற்றவைக்க ஒரு பெட்டித் தீக்குச்சியும் போதாது. மேற்பரப்பில் விழும் வெப்பத்தைத் தூண் தன் உட்பகுதிக்கு இழுத்துக்கொள்கிறது, சிராய்க்கு அந்த வசதி இல்லை. பற்றிய பிறகும் இந்த வேறுபாடு நீடிக்கிறது. எரியும் மரத்தின் மேல் படியும் கரி அடுக்கு வெப்பத்தை எளிதில் கடத்தாததால், செங்கால், பாலாவ் போன்ற அடர்ந்த மரங்கள் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் உள்நோக்கிக் கரிகின்றன. 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கால் தூண் அரை மணி நேரம் நாற்புறமும் எரிந்தாலும் நடுவில் 70 மில்லிமீட்டர் நல்ல மரம் மிஞ்சி நின்று சுமையைத் தாங்கும். இதே மரத்தை 20 மில்லிமீட்டர் பட்டிகளாக அறுத்து இடைவெளி விட்டு அடித்தால், இருபுறமும் கரிந்து இருபது நிமிடத்தில் ஒன்றும் மிஞ்சாது. உண்மையில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. எதிரெதிராக இருக்கும் பட்டிகள் ஒன்றின் வெப்பத்தை இன்னொன்றுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அடுப்பில் தனியாக இழுத்துப்போட்ட விறகு அணைந்துவிடுவதும், இரண்டு விறகுகள் சேர்ந்தால் நின்று எரிவதும் இதனால்தான். இப்போது பல வீடுகளின் முகப்பில் காணும் மரப்பட்டித் தடுப்புகள் பார்வைக்கு அழகானவை. ஆனால் தீயின் கணக்கில் மரத்தை வைப்பதற்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது என்றே சொல்வேன். அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்றால், மரநிறம் பூசிய அலுமினியப் பட்டிகளைப் போடலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிக் கீழே விழும் என்றாலும், தீக்குத் தீனியாகாது.

இங்கே இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. தீ வரும்போது ஒரு பொருள் அந்தத் தீயை வளர்க்கிறதா என்பது ஒன்று. தீயின் நடுவே எவ்வளவு நேரம் உறுதியோடு நிற்கிறது என்பது இன்னொன்று. கனத்த செங்கால் தூண் எரியும், ஆனால் நிற்கும். இரும்புத் தூண் எரியாது. ஆயினும் 550 முதல் 600 டிகிரிக்குள் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து வளையத் தொடங்கும். விற்பவர் ‘தீயைத் தாங்கும்’ என்று சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

பிளாஸ்டிக்குகளின் கதை வேறு. ஒரு கிலோ மரம் எரிந்தால் 16 முதல் 20 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. ஒரு கிலோ பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோ எரிந்தால் கிடைப்பது 43 மெகாஜூலுக்கும் மேல், அதாவது பெட்ரோலுக்குச் சமமான அளவு. நாம் விரிக்கும் செயற்கைப் புல்லின் இதழ்கள் பெரும்பாலும் இந்தப் பாலிஎத்திலீன்தான். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்யும் தரைப்பலகைகளிலும் இது கணிசமாக உண்டு. ‘மழையில் உளுக்காது’ என்ற அவற்றின் பெருமையைக் கேட்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலும் இவை எரியும்போது உருகிச் சொட்டுகின்றன. அந்தச் சொட்டு எரிந்துகொண்டே விழுவதால், மேலே பற்றிய தீ கீழே இருக்கும் காலணி அலமாரிக்கும் கார் டயருக்கும் இறங்கிவிடுகிறது.

தீபாவளிக்கோ திருக்கார்த்திகைக்கோ வாசலில் வைக்கும் ஓர் அகல் விளக்கைக் கூர்ந்து பாருங்கள். அதிலுள்ள நல்லெண்ணெய் தானாகப் பற்றும் இயல்புடையது அன்று. தரைக்கல்லில் சிந்திய எண்ணெயில் எரியும் தீக்குச்சியைப் போட்டாலும் பெரும்பாலும் குச்சிதான் அணையும். தரைக்கல் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் எண்ணெய் ஆவியாகும் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆனால் அதே எண்ணெய் பஞ்சுத் திரியில் ஏறும்போது, மெல்லிய படலமாகப் பரவி உடனே சூடேறி ஆவியாகி எரிகிறது. இப்போது அந்த அகல் செயற்கைப் புல்லின் மேல் கவிழ்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊறிய ஒவ்வோர் இதழும் ஒரு திரியாகிறது, அந்தத் திரியும் எரிபொருளாகவே இருக்கிறது. விளக்கு வைக்கும் வாசற்படியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்காவது புல்லை வெட்டி எடுத்து வெறும் தரைக்கல்லாக விட்டுவிடுவது காசில்லாத பாதுகாப்பு. ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள் வைக்கும் இடத்துக்கும் இதுவே பொருந்தும்.

ஆவ்னிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டுக்கு வீடு தீயைக் கடத்தக்கூடிய பொருள்களில் அதுவே முதன்மையானது. ஒளி புகும் தகடுகளில் அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பொருள் தொடர்ந்து எரிவதற்குக் காற்றில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 விழுக்காடு. அக்ரிலிக்குக்கு 17 போதும், ஆகவே ஒருமுறை பற்றினால் அது எரிந்துகொண்டே போகும். பாலிகார்பனேட்டுக்கு ஏறத்தாழ 25 வேண்டும் என்பதால், சிறு சுடரை எடுத்தவுடன் அது பெரும்பாலும் தானே அணைகிறது. கெட்டியான பிவிசிக்கு 45 வரை வேண்டும். ஆனால் அது கருகும்போது மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடுகிறது. இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. இவை ஆய்வகத்தில் சிறு துண்டில் சிறு சுடரால் பெறப்பட்டவை. கீழே ஒரு கார் முழுவதுமாக எரியும்போது பாலிகார்பனேட்டும் எரியத்தான் செய்யும்.

இப்போது எங்கும் காணும் அலுமினியக் கலப்புத் தகடு இன்னும் கவனிக்க வேண்டியது. சுருக்கமாக ஏசிபி என்று சொல்லப்படும் இது, இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு மையப்பொருளை வைத்து ஒட்டிச் செய்யப்படுகிறது. வெளியே உலோகம் தெரிவதால் எரியாது என்று எண்ணிவிடுகிறோம். மையம் வெறும் பாலிஎத்திலீனாக இருந்தால், அலுமினியம் உருகி விலகியதும் உள்ளே இருப்பது எரிபொருள்தான். 2017இல் இலண்டனில் 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் கோபுரத் தீ அதன் வெளிச்சுவரில் அவ்வளவு வேகமாக ஏறியதற்கு இத்தகைய தகடே முதன்மைக் காரணம். 2018 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா ஜாலான் காசிங்கில் ஊழியர் சேமநிதிக் கட்டடத்தின் முகப்பு எரிந்ததும் நமக்கு நினைவிருக்கும். மையத்தில் கனிமப்பொருள் பெருமளவு நிரப்பிய வகைகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றில் எரிவதற்குரிய பகுதி குறைவு. கனிமமாகச் சேர்க்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரி அளவில் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுத் தகட்டைக் குளிர்விக்கவும் செய்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டு வகைக்கும் வேறுபாடு கிடையாது. ஆகவே தகட்டின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே பெரும்பாலும் பிரிட்டிஷ் தரம் 476இன் ஆறாம், ஏழாம் பகுதிகளின்படி செய்த சோதனையோ, ஏ1 முதல் எஃப் வரை போகும் ஐரோப்பிய வகைப்பாடோ அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய வகைப்பாட்டில் ‘டி0’ என்று சேர்ந்திருந்தால், சோதனையில் எரியும் சொட்டுகள் விழவில்லை என்று பொருள்.

மூங்கில் திரையையும் பிரம்பு நாற்காலியையும் தீத்தடுப்பு மருந்தில் நனைத்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போரான் உப்புகள் போன்றவை நீரில் கரைபவை. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், சாரல் படும் இடத்தில் அவை கழுவப்பட்டுப் போய்விடும். சூட்டில் பல மடங்கு உப்பிக் கரி நுரையாக மாறி அடியிலுள்ள பொருளைக் காக்கும் சாயங்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனால் வெளிப்புறத்துக்கென்றே செய்த மேற்பூச்சு இல்லாவிட்டால் அவையும் வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போகும். நாற்காலி மெத்தைகளில் உள்ள பாலியூரித்தேன் நுரை மிக இலேசானது என்பதால் வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ள அதனால் இயலாது. மேற்பரப்பு நொடிகளில் சூடேறிப் பற்றும். பயன்படுத்தாத நேரத்தில் அவற்றை உள்ளே எடுத்து வைப்பதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை.

எரியாத பொருள்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிச் சட்டென்று விரிவதால் கல் வெடிக்கிறது. ஈரம் ஊறிய கான்கிரீட்டில் சிக்கிய நீர் ஆவியாகி மேற்பரப்பைப் பிய்த்தெறியக்கூடும். சாத்தே சுடவோ பொங்கல் வைக்கவோ கரி அடுப்பையும் விறகடுப்பையும் தரையில் நேரடியாக மூட்டாமல், அடியில் சூளைச் செங்கல்லை இரண்டு அடுக்காகப் பரப்பிக்கொள்வது நல்லது.

கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால், என் கருத்தில் அதை முதலில் செலவிட வேண்டிய இடம் பக்கத்து வீட்டை ஒட்டிய விளிம்புதான். ஆவ்னிங் தகட்டை எல்லை வரை இழுக்காமல் நிறுத்திவிட்டு, பொதுச்சுவரின் தொடர்ச்சியாக அங்கே ஒரு செங்கல் சுவரைத் தகட்டின் மட்டத்துக்கு மேலே எழும்படி கட்டச் சொல்லலாம். ஊராட்சி மன்ற அனுமதியோடு, அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. குத்தகையாளர் விலைப்பட்டியல் தரும்போது, தகட்டின் மையப்பொருள் என்ன, எந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது என்ற இரண்டையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருத்தும் நாளில் அறுத்த துண்டின் ஓரத்தைக் கையில் எடுத்து, சான்றிதழுடன் வந்த மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.