ஐந்து கட்டையில் இரையும் சப்வூபர்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் பெரியம்மா வீட்டு ஹோலில் இரவு 10 மணிக்குப் பிறகு ஒரு வண்டு இரையும். முதலில் வண்டு என்றுதான் அவவும் நினைத்தா. விளக்குமாற்றால் திரைச்சீலையைத் தட்டிப் பார்த்தா. பிறகு பிரிட்ஜில் பழி விழுந்தது. கடைசியில் ரீவிக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியில் காதை வைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தா.

"தம்பி, படம் ஒண்டும் ஓடேல்லை. உந்தச் சாமான் தன்ரை பாட்டில ம்ம்ம் எண்டுது."

கறுப்புப் பெட்டி சப்வூபர், அதாவது தாழ்ந்த சுருதிகளுக்கென்றே செய்த ஸ்பீக்கர், இங்கே வாங்கியது. அதை இயக்கும் அம்பிளிபயரை அவவின் மகன் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து கொண்டுவந்தவர். படம் வருவது கேபிள் ரீவிப் பெட்டியிலிருந்து. மூன்றையும் தனித்தனியே போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் அந்த வண்டு இல்லை. கூட்டாகச் சேர்ந்தால்தான் சத்தம்.

இரைச்சலுக்கு ஒரு சுருதி உண்டு. எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 தடவை திசை மாறி வந்து போகிறது. அந்த 50 ஹேர்ட்ஸைச் சங்கீதக் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் இடையில் விழும், பாடும் ஸ்தாயிக்கு மிகக் கீழே. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்கே இதே வண்டு ஆறரைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் இரையும். தொண்ணூறுகளில் கறண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. டைனமோ தருவதும் திசை மாறும் மின்சாரம்தான். அதைச் சீராக்கும் கப்பாசிட்டர் போதாவிட்டால் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடும். வேகமாகச் சுற்றினால் அதன் சுருதி ஏறும், கை களைத்தால் இறங்கும்.

இரைச்சல் ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹேர்ட்ஸில் கேட்டால் முதலில் அம்பிளிபயருக்குள் இருக்கும் பழைய கப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். உள்ளே மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும்போது நொடிக்கு 100 மேடுகள் வரும், அவற்றை மட்டப்படுத்துவது கப்பாசிட்டரின் வேலை. எங்கள் வெக்கைக்கு அது சீக்கிரம் காய்ந்துபோகும். மற்றச் சாமான்களிலிருந்து வரும் எல்லா வயரையும் கழற்றிய பிறகும் ஸ்பீக்கரில் இரைந்தால் அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே உத்தமம்.

பெரியம்மா வீட்டில் அப்படி இல்லை. அம்பிளிபயரிலிருந்து சப்வூபருக்குப் போகும் வயரைக் கழற்றினேன், அமைதி. திரும்பப் போட்டேன், இரைச்சல். அதைப் போட்டபடியே கேபிள் ரீவிப் பெட்டியின் பின்னால் திருகியிருந்த கேபிளை மட்டும் கழற்றினேன். அமைதி. வண்டு தெருவிலிருந்து வருகிறது.

எப்படி? சப்வூபரின் பிளக்கில் மூன்று பின். மூன்றாவது பின் வழியாக அதன் இரும்புச் சட்டம் வீட்டு எர்த்தோடு, அதாவது வளவில் மண்ணுக்குள் இறக்கிய செப்புக் கம்பியோடு சேர்கிறது. கேபிள் வயரின் வெளிவலை தெருவில் எங்கோ ஒரு கம்பத்தடியில் இன்னொரு எர்த்தோடு சேர்கிறது. மண் என்பது ஒன்றுதானே என்று நினைப்போம். ஆனால் இரண்டு கம்பிகளுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வித்தியாசம் எப்போதும் இருக்கும். கோடையில் மண் காய்ந்து தடை கூடினால் அது மாறும், மழை விழுந்தாலும் மாறும். இந்த இரண்டு எர்த்தையும் கேபிள் பெட்டி, அம்பிளிபயர், சப்வூபர் என்று எங்கள் ஹோல் வழியாக வயர் போட்டுச் சேர்த்தது நாங்கள்தான். ஒரு வட்டம் பூர்த்தியாகிவிட்டது, அதில் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது.

அது சும்மா சுற்றினால் பரவாயில்லை. சப்வூபருக்குப் போகும் அந்த மெல்லிய வயரில் நடுக்கம்பி ஒன்று, சுற்றி ஒரு வலை. வலைதான் சத்தத்தின் திரும்பும் பாதை. தெரு மின்னோட்டமும் அதே வலையில்தான் நடக்கிறது. வலையின் தடை 0.1 ஓம், ஓடுவது 10 மில்லி அம்பியர் என்று வைத்தால் 1 மில்லி வோல்ட் சேரும். சத்தமாக வரும் சைகையோ சுமார் 300 மில்லி வோல்ட். முந்நூறில் ஒரு பங்கு. படத்தில் வெடி வெடிக்கும்போது அது கேட்காது, ஊர் அடங்கிய பிறகு கேட்கும். அதுவும் தாழ்ந்த சுருதிகளைப் பெருப்பிப்பதற்கென்றே செய்த பெட்டியிடம் 50 ஹேர்ட்ஸைக் கொடுத்தால் அது விடுமா?

எல்லாவற்றையும் ஒரே மல்ரி பிளக்கில் போடு என்று பலர் சொல்வார்கள். வட்டம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அது உதவும், தெருவோடு போட்ட வட்டத்துக்கு உதவாது. சப்வூபரின் எர்த் பின்னை வெட்டு என்றும் ஒருவர் பெரியம்மாவுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். வெட்டினால் இரைச்சல் உண்மையிலேயே நிற்கும். அதனால்தான் அந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் சட்டத்தில் முட்டினால் எர்த் இருக்கும்போது ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். எர்த் இல்லாவிட்டால் சட்டம் 230 வோல்ட்டில் காத்திருக்கும். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி அம்பியர் அளவில் வேறுபட்டால்தான் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். அந்த வேறுபாட்டை உண்டாக்குவது தூசு தட்டப்போன பெரியம்மாவின் கையாக இருக்கக்கூடும்.

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்கள் இந்தத் தொல்லையை வேறு விதமாகக் கடக்கிறார்கள். அவர்களுடைய மைக் வயரில் நடுவே இரண்டு கம்பிகள்: ஒன்றில் சத்தம் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சத்தம் இரட்டிப்பாகும், இரைச்சல் அழியும். வீதி நீளத்துக்கு வயர் இழுத்தும் அவர்களுக்கு வண்டு இல்லை. வீட்டுச் சாமான்களில் இந்த வசதி அபூர்வம்.

எனவே வட்டத்தைக் கேபிள் பக்கத்தில் அறுத்தேன். விரல் நீளத்தில் ஒரு ஐசோலேட்டர். படத்தைக் கடக்கவிடும், 50 ஹேர்ட்ஸை மறிக்கும். சப்வூபர் வயரிலும் இப்படியொன்றைப் போடலாம், ஆனால் மலிவானவை அடித்தொனியைத் தின்றுவிடும். டிஷ் வைத்திருப்பவர்கள் கேபிளுக்குப் போடும் இந்த ஐசோலேட்டரைப் போட வேண்டாம். கூரையில் இருக்கும் டிஷ்ஷின் தலைக்கு மின்சாரம் அதே வயரில்தான் ஏறுகிறது, அதையும் மறித்துவிடும்.

அடுத்த நாள் இரவு திரும்பவும் போன். "வண்டு போட்டுது தம்பி. குஞ்சு ஒண்டு கிடக்கு."

போய்ப் பார்த்தேன். சப்வூபர் அமைதி, அம்பிளிபயரின் வயிற்றுக்குள் மெல்லிய முனகல். ஸ்பீக்கர்களைக் கழற்றினாலும் நிற்கவில்லை. உள்ளே டிரான்ஸ்போமரின் இரும்பு, காந்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் மயிரிழையிலும் குறைவாக நீண்டு சுருங்கும், நொடிக்கு 100 தடவை. அம்பிளிபயரோடு மகன் வாங்கித் தந்த ஸ்டெப் டவுன் பெட்டி 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. ஒவ்வொரு அலையும் நீளமாக வருவதால் அதே வோல்ட்டுக்கு இரும்பில் 20 வீதம் கூடுதலாகக் காந்தம் ஏறும். இரும்பு முனகும், சூடாகும். மூடியில் கை வைத்தால் இட்டலிச்சட்டி இறக்கி வைத்த மேசை மாதிரி.

பின்பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டை டோர்ச் அடித்துக் காட்டினேன்: 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தா. "அப்ப உதுக்கு இன்னும் கனடா நேரம் மாறேல்லையோ?"