வி.ஆர்.எஸ். பணமா, பென்ஷனா? கையெழுத்துப் போடும் முன்

பொதுத்துறை நிறுவனம் ஏதாவது விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) அறிவித்தால் போதும், எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். "சார், இவ்வளவு வருது, வாங்கிக்கலாமா?" என்று மொத்தத் தொகையைக் காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, உங்களுடையது எந்த பென்ஷன் என்றுதான். அதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும்.

2019-ல் பி.எஸ்.என்.எல். கொண்டுவந்த திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வயது நிறைந்தவர்களுக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வு வயதுக்கு மீதமிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்று கருணைத்தொகை. 78,000-க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று வெளியே வந்தார்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறி வந்தவர்களுக்கு அகவிலைப்படியோடு உயரும் பென்ஷன் இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு மாதச் செலவை பென்ஷன் தாங்கும், கருணைத்தொகை கூடுதல் பலம். ஆனால் கம்யூட்டேஷன், அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தப் பணமாக வாங்குவது, 60 வயதில்தான் என்றது திட்டம். 52 வயதுக்காரர் அந்தப் பணத்தில் வீட்டுக்கடனை அடைக்க நினைத்திருந்தால் 8 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பி.எஃப்.போடு சேர்ந்து வரும் 1995-ஆம் ஆண்டு ஊழியர் பென்ஷன் திட்டம், அதாவது இ.பி.எஸ். 95 மட்டும் உள்ளவர்களின் நிலைமை வேறு. வரம்புக்கு மேற்பட்ட முழு ஊதியத்துக்கும் பென்ஷன் பெறும் வாய்ப்பு இல்லாதவர் என்றால், கணக்கு முழுவதையும் 15,000 ரூபாய் என்ற சம்பள வரம்பில் தாராளமாகப் போட்டாலும், திட்டம் கூட்டித் தரும் 2 ஆண்டையும் சேர்த்து 28 ஆண்டு சேவைக்கு மாதம் 6,000 ரூபாய். அதை 58-ல் வாங்கலாம். 50-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க.

அந்த வெட்டைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நான் அவ்வளவு பயப்படச் சொல்லமாட்டேன். 54 வயதில் வாங்கினால் ஏறக்குறைய 5,000 வரும். 58-க்குள் 2,40,000 ரூபாய் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய் நஷ்டம் என்றால், அந்த முன்பணம் கரைய 20 ஆண்டுகள், அதாவது 78 வயது ஆகும். இந்த பென்ஷனுக்கு அகவிலைப்படியும் கிடையாது, காத்திருந்தாலும் விலைவாசி அதைத் தின்றுகொண்டுதான் இருக்கும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 5,000 ஆனாலும் 6,000 ஆனாலும் அதில் குடும்பம் ஓடாது. ஆகவே இவர்களுக்கு வி.ஆர்.எஸ். தொகையும் பி.எஃப்.பும்தான் பென்ஷன். அதை மகன் தொழிலுக்கோ மனைக்கோ போட்டுவிட்டால் மாதச் செலவுக்கு வழியே இல்லை. தொகையை 60 வயது வரைக்கும் மட்டுமல்ல, 85 வரைக்கும் மாதக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் வேலையில் இருங்கள்.

விதி எண்ணையும் விடாதீர்கள். 2000-ல் வங்கிகளில் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கு பென்ஷன் கணக்கில் 5 ஆண்டு கூடுதல் சேவை சேருமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 20 ஆண்டு சேவை முடித்தவர்களுக்கு உண்டு என்று 2009-ல்தான் தீர்ப்பு வந்தது. எந்த விதியின் கீழ் பென்ஷன், மருத்துவ வசதி தொடருமா, கிராஜுவிட்டி எந்தத் தேதியில் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரியும் உண்டு. விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரைதான் விலக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரு முறை.

அப்புறம், கணவனோ மனைவியோ கூட வந்து உட்காருங்கள். இ.பி.எஸ்.ஸில் பென்ஷன்தாரருக்குப் பின் துணைக்குக் கிடைப்பது பாதிதான். அந்தத் தொகையில் வாழ வேண்டியவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.