மூன்று அடையாள அட்டை, ஒரே இயந்திரம்

ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்த இளைஞர் மேசைமேல் மூன்று அடையாள அட்டைகளை வைத்தார். மூன்றிலும் அவர் படம்தான். ஒவ்வொன்றிலும் வேறொரு காண்ட்ராக்டரின் பெயர். ஏழு ஆண்டுகளாக அவர் நின்றதோ ஒரே இயந்திரத்தின் முன்னால். “என்னை வேலையை விட்டு நிறுத்தியது யார் என்றே தெரியவில்லை சார்” என்றார். தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு, பாதிக் காலம் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிகிறது.

பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1918 ஏப்ரலில் தொழிற்சங்க முன்னோடிகளான வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது எதிரே நின்றதும் வெள்ளைக்கார மூலதனம்தான். ஆனால் யாரிடம் சண்டை போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இன்று முடிவெடுப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரிவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் தொடங்கிய ஆலை அது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறால் இந்த ஆலை அதன் கைக்கு மாறாமல் நின்றது; மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பரில் உற்பத்தி முடிந்தது. அங்கே சங்கம் இருந்தது. இருந்து என்ன செய்ய?

இந்த வெளிநாட்டு ஆலைகளால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன் பெயரில் முதல் வங்கிக் கணக்கைத் தொடங்கிய பெண்களை எனக்குத் தெரியும். என் சண்டை வேறு: முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்ற அச்சத்தைக் காட்டியே உரிமைகளைக் கழிக்கிறார்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது; எதிர்ப்பு கிளம்பியதால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். பதிவுக்கே 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சங்கம் அமைப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அதனால்தான் 480 நெருங்கும்போது சிலருக்குத் திடீரென்று ‘ஓய்வு’ கிடைக்கிறது; சிலருக்குக் காண்ட்ராக்டர் மாறுகிறார்; சிலர் ஆண்டுக்கணக்கில் ‘டிரெய்னி’யாகவே இருக்கிறார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இன்னொரு சுமையும் உண்டு. அந்த ஒப்பந்தமே கண்துடைப்பு என்று முதலில் காட்ட வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுத்தது யார், விடுப்பு தந்தது யார், தவறு செய்தால் தண்டித்தது யார் என்றெல்லாம் நீதிமன்றம் கேட்கும்.

வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். ஷிப்ட் பட்டியலின் படம், இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். கணக்கு, வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு என எதையும் தூக்கிப் போடாதீர்கள். காண்ட்ராக்டர் மாறும்போது பழைய அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள்; கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

அந்த இளைஞரிடம் சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை. இயந்திரத்தில் விரல் நசுங்கியபோது எழுதிய விபத்து அறிக்கையின் நகலை மட்டும் அவர் அம்மா ரேஷன் அட்டையோடு பத்திரப்படுத்தியிருந்தார். அதில் கையெழுத்திட்ட மேற்பார்வையாளர் காண்ட்ராக்டரின் ஆள் அல்ல, கம்பெனியின் ஆள். மனுவின் முதல் ஆவணமாக அதைத்தான் இணைத்தேன்.