1804-ஐ நம்பி ஏட்டை மூடாதீர்கள்: நியூ ஜெர்சியின் அடிமைப் பதிவுகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கறுப்பினக் குடும்பங்களின் வேரைத் தேடுபவர்கள் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். அடிமைமுறை 1804 சட்டத்தோடு ஒழிந்தது என்று எங்கோ படித்துவிட்டு, அதற்குப் பிந்தைய அடிமைப் பதிவுகளைத் தொடுவதே இல்லை.

அந்தச் சட்டம் அன்று அடிமையாக இருந்த ஒருவரையும் விடுவிக்கவில்லை. 1804 ஜூலை 4-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே விடுதலை. அதுவும் ஆண் 25 வயது, பெண் 21 வயதுவரை தாயின் எசமானிடம் உழைத்த பிறகு.

பிள்ளை பிறந்த ஒன்பது மாதத்துக்குள் எசமான் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கிளார்க்கிடம் பதிய வேண்டியிருந்தது. தேட வேண்டியது இந்த ஏட்டைத்தான். ஒரு பதிவு நாலைந்து வரிதான் இருக்கும்: எசமான் பெயர், தாய் பெயர், பிள்ளை பெயர், பிறந்த நாள். தாய்க்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். ஆகவே எசமானின் குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு அவருடைய உயிலுக்கும் சொத்துப் பட்டியலுக்கும் போங்கள். மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே ஆளையும் விலைபோட்டு எழுதியிருப்பார்கள். விடுதலையான குடும்பம் அதே குடும்பப்பெயரை வைத்துக்கொண்டிருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. ஒரு வயது நிரம்பிய பிள்ளையை எசமான் ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொடுத்தால், பராமரிப்புக்கு அரசு மாதம் 3 டாலர் வரை கொடுத்தது. கைவிட்டவரே அந்தப் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு காசையும் வாங்கினார். ஏட்டில் ‘கைவிடப்பட்டது’ என்றிருந்தால் பிள்ளை வீடு மாறியதாகக் கொள்ளக் கூடாது.

தடம் திடீரென அறுந்தால் தெற்கே அடிமை மாநிலமாக இருந்த லூசியானாவையும் பாருங்கள். 1818-இல் மிடில்செக்ஸ் கவுண்டி நீதிபதி ஜேக்கப் வான் விக்கிள், ‘போகச் சம்மதித்தார்கள்’ என்று சான்றெழுதிக் கறுப்பினத்தவர் பத்துக்கணக்கானோரை அங்கே அனுப்பினார். அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு! இன்று நம்மவர் பலர் குடியிருக்கும் எடிசனும் இதே கவுண்டிதான்.

1830 கணக்கெடுப்பில் வட மாநிலங்களில் எஞ்சியிருந்த அடிமைகள் 3,568 பேர். அதில் 2,254 பேர் நியூ ஜெர்சியில். 1846 சட்டம் ‘அடிமை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஆயுள்கால அப்ரண்டிஸ்’ என்று போட்டது. 1860-இலும் அப்படி 18 பேர் இருந்தார்கள். அதனால் அந்த ஆண்டுகளின் தாள்களில் ‘அப்ரண்டிஸ்’ என்று கண்டால் தொழில் பழகும் பையன் என்று தள்ளிவிடாமல் வயதைப் பாருங்கள்.

அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை இந்த மாநிலம் 1865-இல் நிராகரித்து, 1866 ஜனவரியில்தான் ஏற்றது. வாக்குரிமைப் பிரிவிலிருந்த ‘வெள்ளையர்’ என்ற சொல் மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீங்கியது 1875-இல்.