இதய ஓட்டையை அடைத்தாயிற்று, பிறகும் ஏன் மூச்சு இளைக்கிறது?

என் அக்காவின் மகனுக்கு ஒன்றரை வயதில் இதய ஒப்பரேசன் நடந்தது. இப்போது 13 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் பழுதானால், நான்காம் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவான். அம்மம்மா உடனே "நான் அப்பவே சொன்னனான், பிள்ளையை ஓட விடாதேங்கோ" என்று தொடங்கிவிடுவார். கிளினிக்கில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், நன்றாக இருக்கிறது என்கிறார்களே, அப்புறம் ஏன் இளைக்கிறது என்று அக்கா என்னைக் கேட்பாள்.

எக்கோ எடுக்கும்போது அவன் படுத்திருக்கிறான், விஷயம் அங்கேதான் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீட்டர் இரத்தம் அனுப்பினால் போதும். அவரே மூச்சைப் பிடித்து ஓடினால் 20 லீட்டர் அளவுக்குத் தேவைப்படும்.

கொழும்பின் காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள்தான் ஒட்சிசன், வெள்ளவத்தைச் சந்திதான் கால் தசை. சந்தியில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது மூன்றைப் பொறுத்தது: பஸ் எத்தனை தடவை வருகிறது, ஒரு தடவையில் எத்தனை பேரை ஏற்றுகிறது, வந்தவர்களில் எத்தனை பேர் அங்கே இறங்குகிறார்கள். உடம்பில் இவை முறையே இதயத்துடிப்பு, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம், தசை உறிஞ்சும் ஒட்சிசன். 1870இல் அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் அறிஞர் சொன்ன கணக்கு கிட்டத்தட்ட இதுதான், அவருக்கு பஸ் தெரியாது, அவ்வளவுதான்.

இனி அவனுடைய இதயம். அவனுக்கு இருந்தது ஃபலோட் நான்கம்சக் குறைபாடு, அதாவது இதயத்தில் ஓட்டை உட்பட நான்கு பிறவிக் கோளாறுகள் சேர்ந்திருப்பது. அதில் ஓட்டையை மூடுவதோடு வேலை முடிவதில்லை, நுரையீரலுக்குப் போகும் ஒடுங்கிய வழியையும் வெட்டி அகலமாக்கி ஒட்டுப்போட வேண்டும். பல பிள்ளைகளுக்கு அதன் பிறகு அந்த வழியிலுள்ள வால்வு சரியாக மூடாது. பஸ்ஸில் ஏறியவர்களில் சிலர் பின்கதவால் திரும்ப இறங்கிவிடுகிற மாதிரி, வலது அறை தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி விழும். சிலருக்குத் துடிப்பும் போதிய அளவு ஏறாது. கூட ஓடுகிறவனுக்கு நிமிடத்துக்கு 190 போகும்போது இவர்களுக்கு 150இல் நின்றுவிடலாம்.

இரத்தம் தள்ளும் அறை ஒன்றே ஒழுங்காக வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் செய்யும் ஃபொன்டன் சிகிச்சை பெற்றவர்களின் நிலை இன்னும் வேறு. 1968இல் முதன்முதலில் செய்யப்பட்ட இந்த முறையில், உடம்பிலிருந்து வரும் இரத்தம் இதயத்தின் தள்ளல் இல்லாமலே நுரையீரலுக்குப் போகிறது. இழுத்துவிடும் மூச்சும் கெண்டைக்கால் தசையின் அழுத்தமும்தான் அங்கே துணை. அதனால்தான் இவர்களுக்குக் காலைப் பலப்படுத்தும் பயிற்சி நல்ல பலன் தருகிறது. மறுபக்கம், சின்ன ஓட்டையை மட்டும் சிறுவயதிலேயே அடைத்துக்கொண்ட பிள்ளை பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடும்.

மூன்றாவது கணக்கு, தசை உறிஞ்சும் ஒட்சிசன்தான் எனக்கு எரிச்சல் தருவது, ஏனென்றால் அதில் பாதி நாங்கள் செய்தது. சும்மா இருக்கும்போது உடம்பு, இரத்தத்திலுள்ள ஒட்சிசனில் கால்பங்கைத்தான் எடுக்கும். கடுமையாக ஓடும்போது முக்கால்பங்கு வரை எடுக்கும். அந்தத் திறமை பழக்கத்தால் வருவது. தசைக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகளும் இரத்த நுண்குழாய்களும் வேலை கொடுத்தால் பெருகும், கொடுக்காவிட்டால் குறையும். விளையாட்டுப் பாடத்தில் மரநிழலில் உட்கார வைத்து, இல்ல விளையாட்டுப் போட்டியில் கொடி பிடிக்க மட்டும் விட்டு, ரியூசனுக்கு ஓட்டோவில் ஏற்றிவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் இளைக்கும், இதயத்தில் கத்தி படாத பிள்ளைக்கும்தான்.

பயம் முழுக்கப் பிழை என்று சொல்லவில்லை. இரத்தம் உறையாமலிருக்க வோர்ஃபரின் மருந்து குடிப்பவர்கள் மோதி விழும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும், துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் பெருநாடி வால்வு மிகவும் ஒடுங்கியவர்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஓடும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அன்றே டொக்டரிடம் போக வேண்டும். ஆனால் இதே ஃபலோட் குறைபாட்டோடு பிறந்த அமெரிக்க வீரர் ஷோன் வைட், பனிப்பலகைச் சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார்.

அடுத்த கிளினிக்கில் "ஓடலாமா" என்று மட்டும் கேட்காதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிக் கேட்டால் "கவனமாக" என்ற பதில்தான் வரும். ஓட வைத்து மூச்சை அளக்கும் சோதனை செய்யலாமா, துடிப்பு எவ்வளவு வரை போகலாம், எந்த விளையாட்டு கூடாது என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கி பள்ளிக்கூடத்தில் கொடுக்கச் சொன்னேன். அதுவரை பின்னேரங்களில் நானும் அவனும் கடலோர மரைன் டிரைவ் வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் நடக்கிறோம். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். போன கிழமை பாட முடியாமல் போனது எனக்குத்தான்.