விதை வங்கியின் ஆயுளை முடிவு செய்யும் கணக்கு

விவசாயிகளே நடத்தும் ஒரு விதை வங்கியில் 60 ரகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விதை மூன்று ஆண்டுகள்தான் முளைப்புத்திறனோடு இருக்கும் என்றால், ஒவ்வோர் ஆண்டும் 20 ரகங்களை வயலில் விதைத்துப் புதுவிதை எடுத்தாக வேண்டும். 20 ரகங்களுக்கும் தனித்தனி நிலம், தனித்தனி அறுவடை, ஒன்றோடொன்று கலக்காத களம் தேவை. திட்ட நிதியும் ஆட்களும் இருக்கும்வரை இது நடக்கும். பிறகு ஓர் ஆண்டு ஐந்து ரகங்கள் விடுபடும், மறு ஆண்டு பத்து. அறையும் டப்பாக்களும் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் விதை செத்துப்போயிருக்கும்.

இந்தச் சுமையைக் குறைக்கும் வழி விதையின் ஈரத்தில் இருக்கிறது. காய்ந்த விதையில் உயிரியக்கம் ஏறக்குறைய அடங்கியிருந்தாலும் வேதிச் சிதைவு ஓய்வதில்லை. ஆக்சிஜன் பட்டுக் கொழுப்பு கெடுகிறது, செல் சவ்வுகள் பழுதாகின்றன, டிஎன்ஏ அங்கங்கே அறுபடுகிறது. ஈரம் கிடைத்ததும் விதை இந்தப் பழுதுகளைச் சரிசெய்யப் பார்க்கும். முடியாத அளவுக்குப் போய்விட்டால் முளைக்காது. நிலக்கடலை, சோயா போன்ற எண்ணெய் வித்துகள் நெல்லைவிட விரைவில் கெடுவதற்கு அவற்றின் கொழுப்பும் ஒரு காரணம்.

விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த தோராய விதி ஒன்று உண்டு. ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்போது, ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிப்பு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. இப்போது நம் 60 ரகங்களுக்குத் திரும்புவோம். ஈரத்தை ஒரு சதவீதம் குறைத்தால் ஆண்டுக்கு 10 ரகங்களை விதைத்தால் போதும். இரண்டு சதவீதம் குறைத்தால் ஐந்து. குளிர்சாதனப் பெட்டி வாங்கும் முன் விதையை ஒழுங்காக உலர்த்துங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மின்சாரம் நின்றால் குளிர் போய்விடும். உலர்ந்து, காற்றுப் புகாமல் அடைபட்ட விதை அதற்குப் பிறகும் தாக்குப்பிடிக்கும்.

வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது. விதை சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும் அறையில் திறந்த சாக்கில் கிடக்கும் தானியம், எவ்வளவு காய்ந்திருந்தாலும் மெல்ல மெல்ல 14 சதவீத ஈரத்துக்குத் திரும்பும். ஆகவே நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோ ஜியோலைட் மணிகளோ சேர்த்து மீதி ஈரத்தை இழுத்து, அதன் பிறகே இறுக மூட வேண்டும். ஈரமாக மூடினால் திறந்து வைப்பதைவிட மோசம்; பூஞ்சை பிடித்துவிடும். நன்கு உலர்ந்த விதையைக் கலம் நிறைய அடைத்து மூடினால், உள்ளே தப்பிய வண்டுகள் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடிந்துபோகும்.

கருவி இல்லாமல் ஈரத்தைக் கண்டறியவும் வழி இருக்கிறது. உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் காய்ந்த உப்பைப் போட்டு, அதில் விதையைக் கொட்டிக் குலுக்கிச் சில நிமிடங்கள் விடுங்கள். உப்பு குப்பியின் சுவரில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் அதற்குக் கீழே என்றுதான் பொருள். நீண்ட காலச் சேமிப்புக்கு அது போதாது. அதற்கு நிறம் மாறும் ஈரப்பதத் தாள் உதவும்.

முளைப்புச் சோதனையை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். 100 விதைகளை ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைத்து, பயிருக்கேற்ற நாட்களுக்குப் பின் முளைத்தவற்றை எண்ணினால் போதும். முளைப்புத்திறன் ஒரே சீராகக் குறைவதில்லை. வெகுநாள் உயரத்திலேயே நின்றுவிட்டுத் திடீரெனச் சரியும். தொடக்க முளைப்புத்திறனில் 85 சதவீதத்துக்குக் கீழே போகும் முன்பே மறுபடி விதைக்க வேண்டும் என்று மரபணு வங்கிகள் (பயிர் ரகங்களின் விதைகளை நீண்ட காலம் பாதுகாக்கும் பெரிய நிறுவனங்கள்) வைத்திருக்கும் வரம்பு இந்தச் சரிவை மனதில் கொண்டதுதான்.

வயலுக்குப் போன விதைக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. நெல், கோதுமை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பவை, அதிகம் கலக்காது. மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் தூவும். அண்டை வயலில் வேறு ரகம் இருந்தால், குறைந்தது 200 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். அது முடியாதபோது இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி விதைப்பைத் தள்ளிப்போட வேண்டும். நான்கைந்து நல்ல கதிரை மட்டும் விதைக்கு எடுப்பது இன்னும் பெரிய கேடு. மற்ற செடிகளிடம் இருந்த வறட்சித் தாங்குதிறனோ நோயெதிர்ப்போ அத்தோடு தொலைந்துபோகலாம். மக்காச்சோளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே பாதுகாப்பு.

விவசாயி கடனாக வாங்கிய விதைக்கு அறுவடைக்குப் பின் ஒன்றரை மடங்கு அல்லது இரண்டு மடங்கு திருப்பித் தருவது பல விதை வங்கிகளின் நடைமுறை. அளவு சரியாக வந்துவிட்டதே என்று வாங்கி வைப்பதுதான் பெரும் தவறு. கலவன் செடியை, அதாவது ரகத்தின் இயல்பிலிருந்து மாறுபட்ட செடியை, பூக்கும் பருவத்தில் எளிதாக அடையாளம் காணலாம். அடித்துத் தூற்றிய பின் கண்டுபிடிப்பது கடினம். எனவே கடன் கொடுத்தவர்கள் களத்துக்குப் போகும் முன்பே, பயிர் நிற்கும்போது வயலுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். பஞ்சம் வந்தால் கடன் வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரே பருவத்தில் விளைச்சல் போகும் என்பதால், கடனுக்குக் கொடுக்காத இருப்பு ஒன்று ஒவ்வொரு ரகத்திலும் தனியே இருக்க வேண்டும்.

அந்த இருப்பின் நகல் வேறோர் ஊரில், பக்கத்து விதை வங்கியிலோ தேசிய மரபணு வங்கியிலோ இருப்பது அவசியம். சிரியாவின் அலெப்போ அருகே இருந்த, வறண்ட நில வேளாண்மைக்கான இக்கார்டா என்ற சர்வதேச ஆய்வு மையத்தின் விதைச் சேகரிப்பைப் போர் காரணமாகப் பயன்படுத்த முடியாமல் போனது. அந்த மையம் நார்வேயின் ஸ்வால்பார்டு உலக விதைப் பெட்டகத்தில் நகல்களை முன்பே வைத்திருந்தது. 2015-இல் அவற்றை எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் புதுவிதையை மீண்டும் அங்கேயே கொண்டுபோய் வைத்தது.