ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு

மதுரை குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருகிறவர்களிடம் இரண்டு பேச்சை அடிக்கடி கேட்கலாம். “பிள்ளைய கண்ணுல காட்ட மாட்டேங்குறா, நான் எதுக்குக் காசு குடுக்கணும்?” என்பார் அப்பா. “காசே குடுக்காத மனுசனுக்குப் பிள்ளை எதுக்கு?” என்பார் அம்மா. இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கலாம். ஆனால் சட்டம் இந்த இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை. ஒன்று நின்றுபோனது என்பதற்காக மற்றதை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

முதலில் பணம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. எந்த மதமானாலும், பெற்றோர் முறைப்படி திருமணம் செய்யாதவர்களானாலும், பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கலாம். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. கணவர் திருப்பூரில் வேலை பார்த்தாலும், மனைவி மேலூரில் அம்மா வீட்டில் இருந்தால் மதுரை மாவட்டத்திலேயே மனு போடலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்சத்தைக் கூடுமானவரை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம்.

2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம், மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். அதனால் வாய்தா வாங்கி இழுத்தால் பாக்கிதான் ஏறும். “எனக்கு நிரந்தர வேலை இல்லை” என்பதும் எடுபடாது. உடம்பில் தெம்பு இருப்பவர் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிக் கட்டண ரசீது, மருந்து பில், வாடகைச் சீட்டு, கணவர் முன்பு அனுப்பிய பணத்தின் ஜிபே விவரம், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தொகையை நிர்ணயிக்க இந்தச் சின்னக் காகிதங்கள் பெரிதும் உதவும்.

உத்தரவு வந்தும் கொடுக்கவில்லை என்றால் வாரண்ட் போடலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி அழியாது. ஆனால் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். வழக்கில் ஜெயித்தும் இந்த இடத்தில் கோட்டை விடக்கூடாது.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பெரியவர்கள் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் “அத்துவிட்டாச்சு, இனி எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை” என்று எழுதி வாங்கிவிடுவது உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதால் பிள்ளையின் உரிமை போய்விடாது. அம்மா விட்டுக்கொடுக்கலாம், பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது. சம்பாதிக்கும் தாய்க்கும் இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு என்கிறது 1956-இன் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம்.

அடுத்து, பிள்ளை யாரிடம் இருப்பது? ஐந்து வயதுக்குட்பட்ட இந்துக் குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். அதற்கு மேல் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த வயதென்றால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்பார். தகப்பன் மட்டுமே கார்டியன், அதாவது சட்டப்படியான பாதுகாவலர், என்ற நினைப்பு இன்னும் பலரிடம் இருக்கிறது. தகப்பன் உயிரோடு இருந்தும் பிள்ளையைக் கவனிக்காவிட்டால் தாயே கார்டியனாகச் செயல்படலாம் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாயிடம் பிள்ளை இருந்தால், தகப்பன் பார்வை உரிமை கேட்டு மனு போடலாம். வாரக் கடைசியில் சில மணி நேரம், கோடை விடுமுறையில் சில நாட்கள் என்று உத்தரவு கிடைக்கும். அதைவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை வேண்டாம். அது பிள்ளையைப் பயமுறுத்தும். உங்கள் வழக்கையும் கெடுக்கும். அப்படித் தூக்கிப்போனால், பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடத் தாய்க்கு வழி இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று தயங்கி நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்புக்குள் இருக்கும் தகப்பனுக்கும் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, உங்கள் வட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிலோ கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தும் கேட்கலாம்.